சொவ்வரைப் பக்கத்துப் பாறை விரிகுடா நடை: தலைக்கு 700 ரூபாய் பெறுமா?

அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஒரு ஸ்டார் எங்க போச்சுன்னு பின்னாடி சொல்றேன்.

தலைக்கு 700 ரூபாய், சின்னப் பிள்ளைகளுக்குப் பாதி. காலையில ஆறரைக்குத் தொடங்கி மதியச் சாப்பாட்டோட முடியுது. சாப்பாடுன்னா அவிச்ச மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு), சிப்பி வறுவல், கட்டஞ்சாயா (பால் விடாத டீ). படகு வேணும்னா தலைக்கு இன்னொரு 300. நடத்துறவர் ஒரு பழைய சிப்பிக்காரர். அந்தப் பாறைகள்ல முங்கிச் சிப்பி எடுத்தே பிள்ளைகளை வளர்த்தவர், இப்ப மூச்சு முன்ன மாதிரி நிக்கலன்னு ஆளுங்களைக் கூட்டிட்டு நடக்கிறார். போர்டும் இல்ல, ஆபீசும் இல்ல. தெரிஞ்சவங்க வழியாத்தான் நம்பர் கிடைக்கும். கூட்டம் சேர வேண்டாம்னு கேட்டுக்கிட்டதால நானும் பேரையோ துறையோட பேரையோ இங்க எழுதல. திருவனந்தபுரத்துக்குத் தெக்க, விழிஞம் பக்கம், ஆழிமலைக்கும் அடிமலத்துறைக்கும் நடுவில, குன்றுக்குக் கீழ ஒளிஞ்சு கெடக்கிற குட்டி விரிகுடான்னு மட்டும் வச்சுக்கிடுங்க.

எனக்குக் களியக்காவிளைப் பக்கம் போர்வெல் தொழில். அதனால இந்த ரிவ்யூல பாறைப் பேச்சு கொஞ்சம் கூடுதலா வரும். பொறுத்துக்கிடுங்க, விஷயமே அதுலதான் இருக்கு.

நீரோடியில இருந்து வடக்க பூவாறு, கருங்குளம், புல்லுவிளை, அடிமலத்துறைன்னு கடற்கரை ஸ்கேல் வச்சுக் கோடு போட்டாப்ல ஒரே நீட்டு மணல். நெய்யாறு பூவாறுல கடல்ல விழுது. அங்க பொழி வாயை மணல் அடைக்கிறதும் வெள்ளம் உடைக்கிறதுமா வருஷம் முழுக்க நடக்கும். அதைத் தாண்டி சொவ்வரை வந்ததும் மணல் மறைஞ்சு குன்று எந்திரிக்குது. அங்கிருந்து புளிங்குடி, ஆழிமலை, முல்லூர், விழிஞம், கோவளம் வரைக்கும் கடலுக்குள்ள பாறை மூக்கு நீட்டும், அடுத்தது உள்வாங்கும், மறுபடி மூக்கு நீட்டும். கோவளத்துக்கு ரோடு இருக்கு, கலங்கரை விளக்கம் இருக்கு, கூட்டமும் இருக்கு. அதே மாதிரி அமைஞ்ச மத்த உள்வாங்கல்களுக்கு ரோடு இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த இடத்துல மட்டும் கடல் ஏன் உள்ள வந்துச்சு? போர்வெல் போடுறவனுக்கு இது நல்லாப் புரியும். எங்க தொழில்ல பாறை எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நட்டம். பிளவு இல்லாத கருங்கல்லுல ஐநூறு அடி இறக்கினாலும் ஹேமருக்குக் கீழ இருந்து வெறும் தூள்தான் பறக்கும். பிளவு இருக்கிற வரிசையில போட்டா நூத்தம்பதுலயே தண்ணி. அந்தப் பிளவு வழியா மழைத் தண்ணி கோடிக்கணக்கான வருஷம் இறங்கி, பக்கத்துப் பாறையையும் அழுக வச்சிருக்கும். கடலோரத்துலயும் கணக்கு இதுதான். பிளவு நெருக்கமா ஓடுற இடத்துல பாறை உள்ளேயே அழுகிக் கெடக்கும், அலை அதை எளுப்பமா வாரிட்டுப் போயிடும், விரிகுடா ஆயிடும். பிளவு குறைஞ்ச கெட்டிப் பாறை ரெண்டு பக்கமும் மூக்கா நிக்கும். இந்தத் துறையில இறங்கி நின்னு பின்னாடி திரும்பிப் பாருங்க. நடுவில குன்று பள்ளமா சரிஞ்சு ஒரு ஓடை மாதிரி இறங்கும். அதுதான் அந்தப் பிளவு வரிசை. நிலத்துக்குள்ள இன்னும் போகுது, மேல ரோட்டோரத்துல இருக்கிற பழைய கிணறுகூட அதே நேர்கோட்டுலதான் இருக்கு.

இதை எதுக்கு இவ்வளவு நீட்டுறேன்னா, இறங்குற வழியும் அதைப் பொறுத்ததுதான். முன்னபின்ன தெரியாதவங்க அந்த நடு ஓடை வழியாத்தான் இறங்கப் பார்ப்பாங்க. சரிவு கம்மி, தென்னை நிழல், பாக்க நல்லா இருக்கும். அங்க யாரோ வெட்டுக்கல்லுல படி வெட்டி வச்சிருக்காங்க, இப்ப பாதிப் படி இல்ல. ஏன்னா அந்தக் குன்று மூணு அடுக்கு. மேல வெட்டுக்கல், செவப்பா, காத்து பட்டு இறுகினது. அதுக்குக் கீழ சேடிமண்ணுன்னு சொல்ற வெள்ளையும் ஊதாவும் கலந்த களி. அதுக்கும் கீழ அழுகின பாறை. மழைத் தண்ணி வெட்டுக்கல்லோட ஓட்டை வழியா சரசரன்னு இறங்கி, களியில தடைபட்டு, பக்கவாட்டுல கசிஞ்சு வெளிய வரும். நாங்க போனது ஏப்ரல். அந்தக் காய்ச்சல்லயும் அடுக்கு சேர்ற கோட்டுல பாசி பச்சையா இருந்துச்சு. களி நனைஞ்சா வழுக்கும். மேல இருக்கிற வெட்டுக்கல் எவ்வளவு கெட்டியா இருந்தாலும் தாங்க ஆள் இல்லாம மொத்தமா இடிஞ்சு விழும். வர்க்கலையில பாபநாசம் குன்று இடிஞ்சு விழுறதுக்கும் காரணம் இந்த மாதிரி ஊத்துத் தண்ணிதான். அங்க மணற்கல்லும் களியும், இங்க வெட்டுக்கல்லும் களியும். வர்க்கலையை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமா அறிவிச்சிருக்கு. நம்ம குட்டித் துறைக்கு அந்தப் பெருமையெல்லாம் கிடையாது, இடியறதுல மட்டும் கொறச்சல் இல்ல.

சிப்பிக்காரர் அந்த ஓடைப் பக்கமே போகல. தெக்குப் பாறை மூக்கோட தோள் வழியா கூட்டிட்டுப் போனார். சரிவு அதிகம், வெயில் நேரா அடிக்கும், முதல்ல பாக்கும்போது "இதுலயா?"ன்னுதான் தோணும். அக்கா மேல நின்னே, "லே, என்னைக் கொல்லவா கூட்டிட்டு வந்த?"ன்னு கேட்டா. ஆனா கால் வைக்கிற ஒவ்வொரு இடமும் நல்ல பாறை. நான் தட்டிப் பார்த்தேன். கெட்டிப் பாறையில தட்டினா மணிச் சத்தம் வரும், அழுகினதுல பொத்துன்னு கேக்கும். அவர் வழியில பொத்துன்னு கேட்ட இடம் ரெண்டோ மூணோதான், அங்கயெல்லாம் ஒரு தடிக் கயிறு கட்டியிருக்கார். வலை இழுக்கிற பழைய நைலான் கயிறு, முடிச்சு போட்டது. அதைப் பிடிச்சா போதும். எழுநூறு ரூபாயில பாதி இந்த வழிக்குன்னே வச்சுக்கலாம். ஒரு என்ஜினீயர் வந்து சர்வே போட்டாலும் இதைவிட நல்ல வழி காட்டியிருக்க மாட்டார்.

இறங்கினதும் பாறையைக் கிட்டப் போய்ப் பாருங்க. தெக்கு மூக்குல அலை கழுவி வச்ச இடம் நல்லா சுத்தமா இருக்கும். சாம்பலும் வெள்ளையுமா வரி வரியா ஓடுற பாறை, நடுவில மிளகு அளவு, சில இடத்துல புளியங்கொட்டை அளவு செவப்புக் கல் பதிஞ்சிருக்கு. அது கார்னெட். கையில தேய்ச்சா விரல்ல மினுமினுன்னு கறுப்பு ஒட்டினா கிராஃபைட், பென்சில்ல இருக்கிறது. இந்த ஜாதிப் பாறைக்கு கொண்டலைட்னு பேர். தெக்க நாகர்கோவில் பக்கம் வந்தா எண்ணெய் தேய்ச்ச மாதிரி பச்சை கலந்த கருங்கல் கூடிடும், அது சார்னோகைட். நம்ம குவாரியில உடைக்கிறது பெரும்பாலும் அதைத்தான். கொண்டலைட் ஒரு காலத்துல கடலடிச் சேறும் மணலுமா இருந்தது. பூமிக்குள்ள இருபது கிலோமீட்டருக்கும் கீழ போய், எண்ணூறு தொள்ளாயிரம் டிகிரியில வெந்து, சுமார் 55 கோடி வருஷத்துக்கு முன்னால இப்படி ஆச்சு. அப்ப மடகாஸ்கரும் இலங்கையும் நம்ம பக்கத்துலயே ஒட்டிக் கெடந்துச்சு. மடகாஸ்கர் பிரிஞ்சு போனது ஒன்பது கோடி வருஷத்துக்குக் கிட்ட.

அதே பாறை பத்தடி தள்ளி, துறையோட நடுப்பக்கம், ஊறின ரஸ்க் மாதிரி விரல்லயே உதிருது. வரி அப்படியே தெரியும், கார்னெட் துருப்பிடிச்ச பொட்டா நிக்கும், ஆனா உள்ளே பலமே இல்ல. அக்கா மகனுக்கு ரெண்டையும் தொட்டுக் காட்டினேன். "மாமா, ரெண்டும் ஒரே கல்லா?"ன்னு நம்பாமக் கேட்டான்.

இப்படி உதிர்ந்ததுதான் கீழ மணலாக் கெடக்கு. துறையோட வடகோடியில மணல் மேல செவப்பும் கறுப்புமா பட்டை பட்டையா கிடக்கும், அழுக்குன்னு நெனச்சிடாதீங்க. வெள்ளை மணல் லேசு, அலை திரும்பிப் போகும்போது அதையும் இழுத்துட்டுப் போயிடும். கனமானது தங்கிடும். செவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட். போர்வெல் குழியில இரும்புச் சாமான் விழுந்தா எடுக்க என் வண்டியில எப்பவும் ஒரு பெரிய காந்தம் கெடக்கும். பையன் அதைக் கொண்டுவந்து மணல்ல இழுத்தான். கறுப்பு மொத்தமா தாடி மாதிரி ஒட்டிக்கிச்சு, செவப்புல ஏதோ கொஞ்சம். அப்புறம் சாப்பிடக் கூப்பிடுற வரைக்கும் அவனை அங்கிருந்து கெளப்ப முடியல. மணவாளக்குறிச்சியில இந்த ஜாதி மணலைத்தான் பிரிச்சு எடுக்கிறாங்க. 1909ல ஷோம்பர்க்னு ஒரு ஜெர்மன்காரர், திருவிதாங்கூர்ல இருந்து போன கயித்துல ஒட்டியிருந்த மணல்ல மோனசைட் இருக்குன்னு கண்டுபிடிச்சதுல தொடங்கினது அது. மோனசைட்ல தோரியம்னு கதிர்வீச்சு உள்ள உலோகம் உண்டு. அதனால ஞாபகத்துக்குன்னு டப்பாவில வாரிட்டு வர்ற வேலை வேண்டாம். சிப்பிக்காரரும் விட மாட்டார். பையன் பாக்கெட்டையே தட்டிப் பார்த்தார்.

குளிக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். இந்தத் துறை பார்வைக்குக் குளம் மாதிரி அடக்கமா தெரியும், நம்பாதீங்க. உள்ள வந்து கொட்டுற அலைத் தண்ணி எப்படியாவது வெளிய போகணும்ல. அது பாறை மூக்கை ஒட்டியே, ஆழம் வெட்டின ஒரு வழியாத் திரும்பும். அந்த இடத்துல அலை உடையாது, நுரை இருக்காது, அமைதியா இருக்கும். தெரியாதவன் அதைத்தான் நல்ல இடம்னு இறங்குவான், இழுத்துட்டுப் போயிடும். இழுத்தா கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தாம, கரைக்கு இணையா நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு வெளிய வரணும். சிப்பிக்காரர் வந்த உடனே ஒரு காஞ்ச தென்னமட்டையைத் தெக்குப் பாறை ஓரமா எறிஞ்சார். பேசிட்டு இருக்கும்போதே அது மூக்கைத் தாண்டி வெளிய போயிடுச்சு. அதுக்கப்புறம் யாருக்கும் புத்தி சொல்ல வேண்டிய தேவையே வரல. குளிக்க விட்டது நடுவில மட்டும், இடுப்பளவு. அவர் தண்ணியில நின்னுட்டே இருந்தார்.

படகுக்கும் காசு கட்டியிருந்தோம். கரையில நின்னு கொஞ்ச நேரம் அலையை எண்ணிப் பார்த்துட்டு, "அண்ணா, இன்னைக்கு வள்ளம் வேண்டா. காத்தே இல்ல, அலை மட்டும் நீளத்துல வருது"ன்னார். போன்ல பார்த்தா கள்ளக்கடல் எச்சரிக்கை வந்து கெடக்கு. கச்சான் காத்து வீசி வர்ற அலையில்ல அது. தூரத்துல, இந்தியப் பெருங்கடலோட தெக்குக் கோடியில அடிச்ச புயலோட அலை, நாள்கணக்கா ஓடி வந்து, இங்க வானம் தெளிஞ்சு கெடக்கும்போதே கரையில ஏறும். ஏப்ரல், மே மாசத்துல அதிகம். ஹைதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ்ங்கிற கடல் தகவல் மையம்தான் எச்சரிக்கை கொடுக்கிறது. 2024 மே மாசம் கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில பயிற்சி டாக்டர்ப் பிள்ளைகள் அஞ்சு பேர் உயிர் போனது இப்படி எச்சரிக்கை இருந்த நாள்லதான். நம்ம குமரி மாவட்டத்துல யாரும் மறந்திருக்க மாட்டாங்க. படகுக் காசை அப்பவே எண்ணித் திருப்பிக் கொடுத்தார், பேரம் பேசல, "அடுத்த தடவை"ன்னு இழுக்கல. எத்தனையோ இடத்துல படகு போகலன்னா பணம் திரும்பாதுன்னு எழுதி ஒட்டியிருக்கான், பார்த்திருப்பீங்க.

சிப்பி பத்தி. இந்தப் பக்கத்துச் சிப்பி தவிட்டு நிற ஓடு, வட கேரளத்து பச்சை ஓட்டுக் கல்லுமக்காய் வேற. விழிஞத்துல இருந்து குமரி வரைக்கும் கெட்டிப் பாறை இருக்கிற இடத்துலதான் இது பிடிக்கும். மணல்லயும் அழுகின பாறையிலயும் கால் ஊனாது. ஆக, எந்தப் பாறை நல்ல பாறைன்னு இவருக்கு அத்துப்படியா இருக்கிறதுல ஆச்சரியம் இல்ல. நான் சுத்தியல் வச்சுப் படிச்சதை அவர் உளி வச்சுப் படிச்சிருக்கார். வறுவல் அவங்க வீட்டுக்காரி செய்து கொடுத்து விடுறது. தேங்காய்க் கொத்து, கறிவேப்பிலை, நல்ல மிளகு. எனக்கு மிளகு கொஞ்சம் தூக்கல், அத்தான் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினார். மரச்சீனி மாவா வெந்திருந்துச்சு. அதுக்கு ஒரு மிளகாய்ச் சம்மந்தி (துவையல்) இருந்திருக்கலாம்.

இனி அந்த ஒரு ஸ்டார். கழிப்பறை கிடையாது. மேல ரோட்டுல சாயாக்கடைக்காரர் வீட்டைத்தான் கேக்கணும், பெண்களுக்கு இது பெரிய கஷ்டம், அக்கா சாயங்காலம் வரை முணுமுணுத்தா. லைஃப் ஜாக்கெட் எல்லாம் பெரிய ஆளுங்க சைஸ். பிள்ளைகளுக்குப் பாதிக் காசு வாங்குறவர் பிள்ளைகளுக்கு ஜாக்கெட்டும் வச்சிருக்கணும்ல. முதலுதவிப் பெட்டியில டெட்டாலும் பழந்துணியும் மட்டும் இருந்துச்சு. ஆறரைன்னு சொல்லி ஏழேகாலுக்கு வந்தார், கடல் வத்துற நேரம் பார்த்துத்தான் வந்தேன்னார். இந்தக் கடற்கரையில ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர்கூட வராது, அதனால அந்தக் காரணத்தை நான் பாதிதான் நம்பினேன். ஆனா அந்த முக்கால் மீட்டர்லதான் மூக்கைச் சுத்தி அடுத்த துறைக்குப் போற பாறை வெளிய தெரியுதுங்கிறதும் உண்மை.

இன்னொரு எரிச்சல், அது இவர் தப்பு இல்ல. அந்த நடு ஓடைக்கு மேல ஒரு ரிசார்ட். அவங்க செக்யூரிட்டி விசில் அடிச்சு, "பிரைவேட் பீச், பிரைவேட் பீச்"ன்னு கத்திட்டே இருந்தான். அலை தொடுற கரை எந்த ரிசார்ட்டுக்கும் சொந்தமாக முடியாது, அது பொதுச்சொத்து. ஆனா அங்க போய்ச் சேர்ற வழி ஒவ்வொண்ணா அடைபடுது, அதுலதான் எல்லாக் குன்றுத் துறையும் மெல்ல மெல்ல மூடிட்டு வருது. தெக்குத் தோள் வழி இப்பவும் சிப்பிக்காரங்க நடக்கிற வழிங்கிறதால யாரும் கேட் போடல. போடுற வரைக்கும் நடக்கலாம்.

வடக்க பார்த்தா விழிஞம் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். 2025 மே 2ல பிரதமர் வந்து தொறந்தது. கரைக்குப் பக்கத்துலயே 18, 20 மீட்டர் இயற்கை ஆழம், பெரிய கப்பலுக்குத் தூர் வாரவே வேண்டியதில்லன்னு பெருமையாச் சொல்வாங்க. பாறைக் கரை செங்குத்தா இறங்குறதும், சேறு கொண்டுவந்து கொட்டுற பெரிய ஆறு பக்கத்துல இல்லாததும்தான் அதுக்குக் காரணம். நடுக்கடல் வரை நீட்டின அந்த அலைத்தடுப்புச் சுவருக்கு களியக்காவிளை வழியா எத்தனை கல் லாரி போச்சுன்னு ரோட்டோரத்துல குடியிருக்கிற எங்களுக்குத் தெரியும். 2022ல முல்லூர் கேட்டு முன்னால மீனவங்க நூறு நாளுக்கு மேல உக்காந்தாங்க, கரை அரிக்குது, தொழில் போகுதுன்னு. சிப்பிக்காரரும் உக்காந்திருக்கார். அதைப் பத்திக் கேட்டா நிறைய பேசுவார், சாப்பாட்டுக்கு அப்புறம் கேளுங்க.

யாருக்கு ஒத்து வரும்னா, கால் முட்டு நல்லா இருக்கிறவங்களுக்கு. எழுபது தாண்டினவங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க, இறங்கிடுவாங்க, ஏறுறது பாடு. கைக்குழந்தை வேண்டவே வேண்டாம். ரப்பர் செருப்பு வழுக்கும், பெல்ட் வச்ச செருப்பு போடுங்க. ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை அவர் கூட்டிட்டுப் போறதே இல்ல. அந்த மாசத்துல அலை மணலையெல்லாம் வாரிட்டுப் போய் வெறும் உருண்டைப் பாறைதான் கெடக்குமாம், அக்டோபருக்கு மேல கொஞ்சம் கொஞ்சமாத் திரும்ப வந்து சேரும். டிசம்பர்ல இருந்து மார்ச் வரை நல்ல சமயம். ஏப்ரல்னா போறதுக்கு முந்தின ராத்திரி கள்ளக்கடல் எச்சரிக்கை பார்த்துட்டுக் கெளம்புங்க.

களியக்காவிளையில இருந்து பூவாறு வழி போறது லேசு. பஸ்ஸுன்னா பூவாறுல இறங்கி விழிஞம் பஸ் ஏறணும். காரோடுங்கிற ஊர்ல வந்து சேர்ற நாலுவழிச் சாலையில போனா முக்கோலை வரைக்கும் பறக்கலாம், ஆனா அங்கிருந்து மறுபடி தெக்க வரணும், லாபம் ஒண்ணும் இல்ல. திரும்பும்போது நேரம் இருந்தா ஆழிமலையில 58 அடி சிவன் சிலையைப் பார்க்கலாம், கூட்டம் எக்கச்சக்கம். எனக்குப் பிடிச்சது விழிஞம் குடைவரைக் கோயில்தான், எட்டாம் நூற்றாண்டு, ஒத்தைப் பாறையைக் குடைஞ்சது, வெளிச் சுவர்ல சிவனும் பார்வதியும் முடியாம பாதியில நிக்குது.

வண்டியைச் சாயாக்கடைப் பக்கம் விடுங்க, அம்பது ரூபாய் கேப்பார், கொடுத்திடுங்க, கழிப்பறைக்கும் அவரைத்தானே கேக்கணும். கூகுள் பே எல்லாம் கீழ சிக்னல் எடுக்காது, கையில ரொக்கம் வச்சுக்கிடுங்க.